பால்காரரைக் கேளுங்கள்

இந்த வாரம் என் கோபமெல்லாம் ஒரே ஒரு கேள்வி மேல்: "கூட யார் இருக்காங்க?"

ரமணாசிரமத்துக்குப் பின்னால் எங்கள் தெருவுக்கு, மறதி நோய் ஆய்வுக்காக 60 வயது கடந்தவர்களைத் தேடி இருவர் வந்தார்கள். பக்கத்து வீட்டு டீச்சரம்மா கையெழுத்துப் போடத் தயாராக இருந்தார். அவரைப் பற்றித் தகவல் சொல்ல வீட்டில் யாருமில்லை என்றதும், "பரவாயில்லைங்கம்மா" என்று கிளம்பிவிட்டார்கள்.

ஆய்வுகள் வேண்டும் என்று இங்கே பலமுறை எழுதியிருக்கிறேன். 2017 முதல் 2020 வரை 4,096 முதியவர்களைச் சோதித்த லாசி-டாட் ஆய்வினால்தான், நாட்டில் 60 கடந்தவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா என்று தெரிந்தது. அதற்கு முன்பே 10/66 ஆய்வுக் குழு சென்னையிலும் பக்கத்து வேலூர்க் கிராமங்களிலும் வீடு வீடாக ஏறி இறங்கியது. மறதி வந்தவருக்குத் தன் மறதி பல நேரம் தெரியாது; பள்ளிக்கூடமே போகாதவரைக் கணக்குப் போடச் சொல்லி எடைபோடவும் முடியாது. அதனால் அறிந்தவர் ஒருவரின் சாட்சி வேண்டும். நியாயம்தான். அந்தச் சாட்சி ஒரே வீட்டில் இருக்க வேண்டும் என்று யார் விதித்தது?

என் பழைய புலம்பல் உங்களுக்குத் தெரியும். வங்கியோ ஆஸ்பத்திரியோ வாடகை வீடோ, பெரியவர் எதிரே உட்கார்ந்திருக்க, பேச்சு மகனிடம்தான். கடைசிக் காலத்தை மலையடிவாரத்தில் கழிக்கவென்றே தனியாக வந்தவர்கள் செங்கம் சாலைச் சந்துகளில் எத்தனை பேர்! வெளியூர் மகனுக்குத் தெரிந்தது போனில் கேட்கும் குரல் மட்டும்.

1989இல் ஆஸ்திரேலியாவில் உருவான ஒரு வினாத்தாள், பத்து ஆண்டுக்கு முன்பு இருந்ததற்கு இப்போது எப்படி என்று அறிந்தவரைக் கேட்கிறது. சமீபத்தில் பேசியது நினைவிருக்கிறதா, கடையில் பணத்தைச் சரியாகக் கையாள்கிறாரா என்பதெல்லாம் அதில் உண்டு. டீச்சரம்மா மாசக் கணக்கைப் பைசா பிசகாமல் தீர்த்த காலமும், ஒரே மாதத்துக்கு இரண்டு தடவை பணம் நீட்டிய சமீபத்துக் காலையும் பால்காரருக்குத் தெரியும். பௌர்ணமிதோறும் கூடவே கிரிவலம் வரும் பூக்காரம்மாவுக்கு, "எம லிங்கம் தாண்டிட்டோமா?" என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்பது தெரியும். அவரைச் சேர்க்காமல் போன ஆய்வு யாரைத் தேடி வந்ததோ, அவரையே விட்டுவிட்டுப் போயிருக்கிறது.

திரும்பி வாருங்கள். "உங்களை நல்லாத் தெரிஞ்சவங்க யாரும்மா?" என்று அவரிடமே கேளுங்கள். அவர் சம்மதித்துச் சொல்லும் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். பால்காரர் என்றால் காலை ஐந்தரைக்கு வர வேண்டியிருக்கும்.