நிலநடுக்கம்: கட்டடம் இடியாமல் நின்றால் மட்டும் போதுமா?

நிலநடுக்கம் வந்தது. ஆனால் மருத்துவமனைக் கட்டடம் இடியவில்லை. "அப்பாடா, தப்பிச்சோம்" என்று நினைப்பீர்கள்.

மின்சாரம் போய்விட்டால்? சுவாசக் கருவி, அறுவைச் சிகிச்சைக் கூடம், மின்தூக்கி எல்லாமே நின்றுவிடும். காயமடைந்தவர்கள் வந்து குவியும் நேரமும் அதுதான்.

இப்படி நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. கலிஃபோர்னியாவின் ஆலிவ் வியூ மருத்துவமனை இரண்டு முறை அடிபட்டது.

1971: சான் ஃபெர்னாண்டோ நிலநடுக்கத்தில் புத்தம் புதிய கட்டடம் கடுமையாகச் சேதமடைந்தது. மின்சாரம் நின்றுபோனதால் சுவாசக் கருவியை நம்பியிருந்த நோயாளிகள் இருவர் மாண்டனர்.

அதன் பிறகு மருத்துவமனைகளுக்கென்றே அந்த மாநிலம் தனிச் சட்டம் கொண்டுவந்தது. ஆலிவ் வியூவும் இன்னும் வலுவாகத் திரும்பக் கட்டப்பட்டது.

1994: நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம். இம்முறை கட்டடம் தாக்குப்பிடித்தது. ஆனால் உள்ளே தண்ணீர்க் குழாய்கள் உடைந்து வெள்ளம் கொட்டியது. நோயாளிகளை வெளியேற்ற வேண்டியதாயிற்று.

தூணும் சுவரும் உறுதியாக இருந்தும் மருத்துவமனை இயங்க முடியவில்லை.

மின்சாதனங்களுக்கு என்ன ஆகும்?

• ஜெனரேட்டர்: அதிர்வைக் குறைக்க அதைச் சுருள்வில் மேல் வைப்பது வழக்கம். நிலம் குலுங்கும்போது அதே வில் ஜெனரேட்டரைத் துள்ள வைக்கும். அது நகராதபடி சுற்றிலும் தடுப்பு வேண்டும்.

• பேட்டரி: ஜெனரேட்டர் ஓடத் தொடங்க பேட்டரி தேவை. கட்டப்படாத அடுக்கிலிருந்து அது விழுந்தால், நல்ல ஜெனரேட்டரும் சும்மா நிற்கும்.

• மின்பலகை: உயரமான, ஒல்லியான பெட்டி. தரையில் போல்ட் போட்டு இறுக்காவிட்டால் சாய்ந்துவிடும்.

• கம்பிகள், எரிபொருள் குழாய்கள்: கருவி ஒரு பக்கம், சுவர் இன்னொரு பக்கம் ஆடும். இணைப்பு வளைந்து கொடுக்காவிட்டால் அறுந்துவிடும்.

பெரும்பாலும் மேல்மாடிகளில் ஆட்டம் இன்னும் அதிகம். அதனால் கருவியை எந்த மாடியில் வைக்கிறோம் என்பதும் முக்கியம்.

கருவி தாங்குமா என்று எப்படித் தெரியும்?

செயற்கையாகக் குலுக்கும் மேடையில் வைத்துச் சோதிக்கிறார்கள். விழாமல் நின்றால் மட்டும் போதாது; ஆட்டம் நின்ற பிறகும் அது வேலை செய்ய வேண்டும்.

நமக்கு ஏன் இந்தக் கவலை?

2015 ஜூன் 5, சபாவின் ரானாவ் நிலநடுக்கம் நினைவிருக்கிறதா? அளவு 6.0. கினபாலு மலையில் 18 பேர் மாண்டனர். அவர்களில் சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளி மாணவர்களும் இருந்தனர்.

சுமத்ராவில் பெரிய நிலநடுக்கம் வந்தால் சிங்கப்பூரிலும் தீபகற்ப மலேசியாவிலும் உயரமான கட்டடங்கள் லேசாக ஆடுவதுண்டு. கலிஃபோர்னியா அளவுக்கு நமக்கு ஆபத்து இல்லைதான். ஆனால் சபாவில் அதை ஒதுக்கிவிட முடியாது.

புதுக் கட்டடத்தில் இதற்குத் தீர்வு எளிது, திட்டமிடும்போதே சேர்த்துவிடலாம். பழைய கட்டடங்கள்தான் சவால். ஓடிக்கொண்டிருக்கும் மருத்துவமனையில் மின்பலகையை நிறுத்திவிட்டு வேலை பார்ப்பது சுலபமில்லை.

எனவே "கட்டடம் தாங்குமா?" என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். "ஆட்டம் நின்றதும் விளக்கு எரியுமா?" என்றும் கேளுங்கள்.