மீன் தொட்டிக்கு ஹீட்டர் வாங்கப் போறீங்களா? முதல்ல ஒரு மூடி வாங்குங்க!

கரண்ட் பில் பத்திப் பேசினாலே நமக்கு ஏசி, கீசர், ஃப்ரிட்ஜ் இந்த மூணுதான் ஞாபகத்துக்கு வரும். இந்தப் பதிவுல, ஹால் மூலையில சத்தமே இல்லாம ஓடிக்கிட்டு இருக்கிற இன்னொரு பொருளைப் பார்க்கலாம். மீன் தொட்டி ஹீட்டர். வீடியோ பார்க்க நேரம் இல்லாதவங்க இதைப் படிச்சாலே போதும், கணக்கு முழுக்க இங்கேயே இருக்கு.

கார்த்திகை முடிஞ்சு மார்கழி ஆரம்பிச்சதும் கடைக்காரர் சொல்ற முதல் வார்த்தை, "சார், ஹீட்டர் ஒண்ணு போட்டுடுங்க". நாமளும் வாங்கி, தொட்டிக்குள்ள ஒட்டி, பிளக்கைச் சொருகிட்டு மறந்துடறோம். ரெண்டு மாசம் கழிச்சு பில் வரும்போது, "கீசர்தான் காரணம்"னு வீட்டுல ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கிறோம்.

என் கருத்தை நேரடியாவே சொல்லிடறேன். குளிர்காலத்துல மீன் தொட்டிக்குச் செய்ற செலவுகள்ல ஹீட்டர் கடைசியாத்தான் வரணும். அதுக்கு முன்னாடி சூடு வெளியே போற வழியை அடைக்கணும். ஆனா ஹீட்டர் தேவைன்னு முடிவாயிட்டா, அதை ஓட்டுற செலவுல கஞ்சத்தனம் பண்ணக்கூடாது. ரெண்டுக்கும் காரணம் இருக்கு.

உங்க தொட்டிக்கு ஹீட்டர் தேவையா?

மீனுக்கு நம்மள மாதிரி உடம்புக்குள்ள சூட்டைத் தக்க வச்சுக்கிற வசதி கிடையாது. தண்ணி என்ன வெப்பமோ, ஏறக்குறைய அதுதான் அதோட உடம்பு வெப்பமும். தண்ணி குளிர்ந்தா செரிமானம் மந்தமாகும், நோயை எதிர்க்கிற சக்தி குறையும். திடீர்னு வெப்பம் இறங்கின பிறகு உடம்புல உப்பு தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி வர்றது இதனாலதான்.

எல்லா மீனுக்கும் ஒரே வெப்பம் தேவைப்படாது. ஃபைட்டர், ஏஞ்சல், கப்பி, மோலி, டெட்ரா இதெல்லாம் 24 முதல் 28 டிகிரி வரைக்கும் சௌகரியமா இருக்கும். டிஸ்கஸுக்கு 28க்கு மேல வேணும். கோல்டு ஃபிஷ் நேர்மாறு, அதுக்கு 18 முதல் 22 டிகிரியே நல்லது. கோல்டு ஃபிஷ் மட்டும் இருக்கிற தொட்டிக்கு ஹீட்டர் வாங்கினா, பணத்தைக் குடுத்து மீனுக்குத் தொந்தரவு வாங்கினதுதான் மிச்சம்.

அடுத்தது உங்க ஊர். சென்னை மாதிரி கடலோர ஊர்கள்ல மார்கழி ராத்திரியில்கூட வெளியே பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டித்தான் நிக்கும். கதவு ஜன்னல் சாத்தின வீட்டுக்குள்ள அதைவிட ரெண்டு மூணு டிகிரி கூடவே இருக்கும். அங்கே பல வீட்டுக்கு ஒரு மூடியும், தொட்டியை ஜன்னல் பக்கத்துலேர்ந்து நகர்த்தி வைக்கிறதும் போதும். ஒசூர், ஏற்காடு, கொடைக்கானல், ஊட்டி கதை வேற. அங்கே வெதுவெதுப்பான தண்ணி மீன் வளர்த்தா ஹீட்டர் இல்லாம முடியாது.

ஊகத்துல முடிவெடுக்காதீங்க. ஒரு சின்ன தெர்மாமீட்டர் வாங்கி தொட்டிக்குள்ள போடுங்க. மூணு நாள், காலையில 6 மணிக்கும் மதியம் 2 மணிக்கும் எவ்வளவுன்னு எழுதி வையுங்க. காலையிலயும் 24க்குக் கீழ போகலைன்னா ஹீட்டர் காசு மிச்சம்.

சூடாக்குறதுக்கு ஆகுற செலவு கொஞ்சம்தான்

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டியை எடுத்துக்குவோம். கல், மணல் போக அதுல சுமார் 50 லிட்டர் தண்ணி நிக்கும். இந்த 50 லிட்டரை 20 டிகிரியிலேர்ந்து 25 டிகிரிக்குக் கொண்டுவர எவ்வளவு கரண்ட் ஆகும்? 0.3 யூனிட்கூட ஆகாது. ரெண்டு ரூபாய்க்குள்ள வேலை முடிஞ்சுடும்.

அப்போ பணம் எங்கே போகுது? ஏத்தின சூடு கண்ணாடி வழியாவும், திறந்த தண்ணி மேல்பரப்பு வழியாவும் வெளியே போய்க்கிட்டே இருக்கு. அதை ஈடுகட்ட ஹீட்டர் திரும்பத் திரும்ப ஓடுது. ஓட்டை வாளியில தண்ணி பிடிக்கிற கதை. குழாயைப் பெருசா திறந்தா பிரச்சினை தீருமா?

இதுல நம்ம கவனத்துக்கே வராதது ஆவியாகுறது. 1 லிட்டர் தண்ணி ஆவியாகும்போது சுமார் 0.68 யூனிட்டுக்கு நிகரான வெப்பத்தை எடுத்துக்கிட்டுப் போகுது. நம்ம 2 அடி தொட்டியில தண்ணி 1 சென்டிமீட்டர் இறங்கினா, ஏறக்குறைய 1.9 லிட்டர் போயிருக்குன்னு அர்த்தம். அதாவது கிட்டத்தட்ட 1.3 யூனிட். தொட்டிக் கண்ணாடியில மார்க்கரால ஒரு கோடு போட்டு, 1 சென்டிமீட்டர் இறங்க எத்தனை நாள் ஆகுதுன்னு பாருங்க. உங்க வீட்டுக் கசிவு எவ்வளவுன்னு நீங்களே தெரிஞ்சுக்கலாம்.

பில்லுல என்ன ஆகும்?

ரூம் 20 டிகிரி, தண்ணி 25 டிகிரி. மூடி இல்லாத இந்தத் தொட்டிக்கு ஹீட்டர் சராசரியா 45 வாட் அளவுக்கு ஓட வேண்டியிருக்கும்னு என் கணக்கு. 60 நாளைக்கு 65 யூனிட். மேல கண்ணாடி மூடி, பின்பக்கமும் ரெண்டு ஓரமும் தெர்மாகோல், அடியில ஒரு ஃபோம் ஷீட், இவ்வளவும் போட்டா அது பாதிக்கும் கீழ வந்துடும். தாராளமா 30 யூனிட்னே வச்சுக்குவோம்.

"35 யூனிட் வித்தியாசத்துக்கு இவ்வளவு பேச்சா?"ன்னு கேட்கலாம். நம்ம மின்வாரிய பில்லுல எல்லா யூனிட்டுக்கும் ஒரே விலை கிடையாது. 2024 ஜூலையில இருந்த கட்டணப்படி, ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட் வரைக்கும் இருந்தா, முதல் 100 இலவசம், அடுத்த 100 சலுகை விலை. 500ஐத் தாண்டிட்டா, அந்த ரெண்டாவது 100க்கான சலுகை விலை போயிடும். தாண்டின யூனிட்டுக்கு விலையும் அதிகம்.

அந்த 2024 ஜூலை கட்டணப்படியே போட்டுப் பார்ப்போம். ஹீட்டர் இல்லாம 440 யூனிட் ஓடுற வீடு:

- ஹீட்டர் இல்லாத பில்: சுமார் 1,427 ரூபாய்.
- மூடி இல்லாத தொட்டியில ஹீட்டர் (65 யூனிட்): மொத்தம் 505. பில் சுமார் 2,082 ரூபாய். கூடுதல் 655.
- மூடி, தெர்மாகோல் போட்ட தொட்டியில ஹீட்டர் (30 யூனிட்): மொத்தம் 470. பில் சுமார் 1,616 ரூபாய். கூடுதல் 189.

அதே ஹீட்டர், அதே மீன், அதே 25 டிகிரி. ஒரு பில்லுல 466 ரூபாய் வித்தியாசம். கண்ணாடிக் கடையில அளவு சொன்னா மூடி வெட்டித் தருவாங்க. தெர்மாகோல் பழைய டிவி பெட்டியில வந்ததே போதும். கடையில விலையைக் கேட்டு இந்த 466ஓட ஒப்பிட்டுப் பாருங்க. உங்க வீட்டுல எத்தனை யூனிட் ஓடுதோ அதைப் பொறுத்து தொகை மாறும். அதனால போன வருஷ டிசம்பர், ஜனவரி பில்லை எடுத்து, நீங்க 500க்கு எவ்வளவு பக்கத்துல இருக்கீங்கன்னு பார்த்துக்குங்க.

ஒரு எச்சரிக்கை. மூடின்னா காத்துப் புகாம அடைக்கிறது இல்லை. ஒரு மூலையில விரல் நுழையுற அளவு இடைவெளி விடுங்க. ஏர் பம்பையும் நிறுத்தாதீங்க. மீனுக்கு மூச்சு முக்கியம்.

ராத்திரி ஆஃப் பண்றவங்க கவனத்துக்கு

சில வீட்டுல படுக்கப் போகும்போது லைட்டோட சேர்த்து ஹீட்டரையும் ஆஃப் பண்ணிடறாங்க. "எட்டு மணி நேரம் மிச்சம்"னு ஒரு நினைப்பு. அந்த மிச்சம் எவ்வளவுன்னு பார்ப்போமா?

மூடி இல்லாத நம்ம தொட்டியில, எட்டு மணி நேரத்துல தண்ணி சுமார் மூணரை டிகிரி இறங்கிடும். காலையில ஆன் பண்ணினதும் அந்த மூணரை டிகிரியை ஹீட்டர் திரும்ப ஏத்தணும். கழிச்சுப் பார்த்தா உண்மையான மிச்சம் ஒரு ராத்திரிக்கு 0.16 யூனிட் அளவுதான். பணமாச் சொன்னா ஏறக்குறைய ஒரு ரூபாய். அந்த ஒரு ரூபாய்க்காக மீனை தினமும் 25லேர்ந்து 21க்கும், 21லேர்ந்து 25க்கும் ஏத்தி இறக்குறோம். நிலையா 23ல வச்சிருந்தாக்கூட பல மீன் தாங்கிக்கும். இந்த ஏத்த இறக்கம்தான் அதைப் படுக்க வைக்கும். வெள்ளைப் புள்ளி வந்தா மருந்து வாங்குற காசுக்கு எத்தனை ராத்திரி மிச்சம் பிடிக்கணும்னு யோசிச்சுப் பாருங்க.

செலவைக் குறைக்கணும்னா கசிவை அடைங்க. சுவிட்சுல கை வைக்காதீங்க.

ஹீட்டர் வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

லிட்டருக்கு 1 வாட்ங்கிறது நல்ல அளவு. 50 லிட்டருக்கு 50 வாட் போதும், மலை ஊர்ல மட்டும் கொஞ்சம் கூடுதலா எடுக்கலாம். பெரிய வாட் ஹீட்டர் அதிக கரண்ட் சாப்பிடும்னு பயப்பட வேண்டாம். தெர்மோஸ்டாட் இருந்தா தேவையான நேரம் மட்டும்தான் ஓடும். ஆனா வேற ஒரு ஆபத்து இருக்கு. தெர்மோஸ்டாட் கெட்டுப்போய் ஆன்லயே மாட்டிக்கிட்டா, சின்ன தொட்டியில இருக்கிற பெரிய ஹீட்டர் மீனை வேக வச்சுடும். அதனால தெர்மோஸ்டாட்டே இல்லாத ஹீட்டரை இலவசமா குடுத்தாலும் வாங்காதீங்க. ஹீட்டர்ல இருக்கிற எண்ணை நம்பாம, தனி தெர்மாமீட்டரை தினமும் ஒரு தடவை பாருங்க.

தண்ணி மாத்துறதுக்குக் கால் மணி நேரம் முன்னாடியே ஹீட்டர் பிளக்கைக் கழட்டிடுங்க. சூடா இருக்கிற ஹீட்டர் வெளியே தெரிஞ்சா கண்ணாடிக் குழாய் விரிசல் விடும். தொட்டிக்குள்ள கை விடுறதுக்கு முன்னாடியும் பிளக்கைக் கழட்டுற பழக்கம் வேணும். வயர் பிளக்குக்குக் கீழ ஒரு வளைவா தொங்கட்டும். அப்போதான் வயர் வழியா வடியுற தண்ணி பிளக்குக்குள்ள போகாம கீழே சொட்டும்.

தண்ணி மாத்துறதுலயும் சூடு போகும். 50 லிட்டர்ல கால் பாகத்தை எடுத்துட்டு 18 டிகிரி தண்ணியை ஊத்தினா, தொட்டி மொத்தமும் ஒண்ணே முக்கால் டிகிரி இறங்கும். குளிர்ந்த குழாய்த் தண்ணியைக் காலையிலேயே ஊத்தாதீங்க. மதியம், மாடித் தொட்டித் தண்ணி வெயில்ல சூடேறின பிறகு மாத்துங்க. இதுக்குச் செலவு பூஜ்யம்.

கரண்ட் போனா? மூடி, தெர்மாகோல் போட்ட தொட்டி நாலு மணி நேரத்துல சுமார் ஒண்ணே கால் டிகிரிதான் இறங்கும். போடாத தொட்டி 2 டிகிரிக்கு மேல இறங்கிடும். இன்வெர்ட்டர்ல ஹீட்டரை மாட்டாதீங்க, பேட்டரியைக் காலி பண்ணிடும். சில வாட் மட்டுமே எடுக்கிற ஏர் பம்பை மாட்டுங்க, அது போதும். தொட்டி மேல ஒரு கம்பளியைப் போர்த்திவிடுங்க.

"இருபது ரூபாய் மீனுக்கு இதெல்லாமா?"

இந்தக் கேள்வி வரும்னு தெரியும். செத்தா வேற வாங்கிக்கலாம், அதுதான் சிக்கனம்னு சொல்றவங்க இருக்காங்க. இந்த பிளாக்ல சிக்கனத்தைப் பத்தி எவ்வளவோ பேசியிருக்கோம். இந்த ஒரு சிக்கனத்தை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன்.

பழைய சோஃபாவைப் பராமரிக்காம விட்டா சோஃபாவுக்கு வலிக்காது. தொட்டிக்குள்ள இருக்கிறது உயிர். அதுக்குத் தேவையான சூட்டைத் தேடி அது வேற எங்கேயும் போக முடியாது. நாமதான் அதைக் கொண்டுவந்து நாலு கண்ணாடிக்குள்ள வச்சோம். தொட்டி முன்னாடி தினமும் உட்கார்ந்து பார்க்குற குழந்தையும் வீட்டுல இருக்கு. பராமரிப்புச் செலவு கட்டுப்படலைன்னா செத்த மீனைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கலாம்னு அது கத்துக்கணுமா? பணத்தைப் பத்தி அப்படி ஒரு பாடத்தை நான் எந்தக் குழந்தைக்கும் சொல்லித் தரமாட்டேன்.

செலவு நிஜமாவே கட்டுப்படலைன்னா அதுக்கும் வழி இருக்கு. வாங்குறதுக்கு முன்னாடியே உங்க ஊர்க் குளிருக்கு ஏத்த மீனைத் தேர்ந்தெடுங்க. ஊட்டியில இருக்கிறவங்க டிஸ்கஸ் ஆசையை விட்டுட்டு, கொஞ்சம் பெரிய தொட்டியில கோல்டு ஃபிஷ் வளர்த்தா ஹீட்டர் பில்லே கிடையாது. கார் வாங்கும்போது மைலேஜ் கேட்கிற நாம, மீன் வாங்கும்போது "இதுக்கு எத்தனை டிகிரி வேணும்?"னு ஒரு கேள்வி கேட்கலாமே.

இந்த வாரம் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: தெர்மாமீட்டர் போட்டு மூணு நாள் குறிச்சு வையுங்க, போன குளிர்கால பில்லை எடுத்துப் பாருங்க, கண்ணாடிக் கடையில மூடிக்கு அளவு குடுங்க. அதுக்கு அப்புறமும் காலையில தெர்மாமீட்டர் 24க்குக் கீழ காட்டுச்சுன்னா, தயங்காம ஒரு நல்ல ஹீட்டர் வாங்கி 24 மணி நேரமும் ஆன்லயே விடுங்க.