ஒரே குலுக்கைக்கு ரெண்டு வாசல்

சென்னையில, பெங்களூர்ல வேலை பார்க்கிற எங்க ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் இருக்கு. லீவுக்குப் போடி வந்தா அப்பா போனை வாங்கி நாலு தட்டு தட்டி, “எல்லாம் கிளவுட்ல ஏறுதுப்பா, இனிமே எதுவும் தொலையாது”ன்னு சொல்லிட்டுப் பஸ் ஏறிருவாங்க. அந்தப் பேச்சு தப்பு. பெரியவங்களை அது நம்ப வச்சுக் கெடுக்குது.

தம்பிகளா, நீங்க வச்சுக் கொடுத்துட்டுப் போறது சிங்க். இங்க ஒரு படம் சேர்ந்தா அங்கயும் சேரும். இங்க அழிஞ்சா அங்கயும் அழியும். ஒரே குலுக்கைக்கு ரெண்டு வாசல் வச்ச மாதிரி. எந்த வாசல்ல அள்ளினாலும் குறையிறது ஒரே தானியம்தான். விதைக்குன்னு தனியா எடுத்து வேற இடத்துல வச்சாத்தான் அதுக்குப் பேரு காப்பு.

கூகுள் போட்டோஸ்ல இந்த வேலைக்கு ‘பேக்கப்’னே பேரு வச்சிருக்காங்க. ஆனா அந்தச் செயலிக்குள்ள ஒரு படத்தை அழிச்சா போன்லயும் கிளவுட்லயும் சேர்ந்தே போகும். குப்பைத்தொட்டியில 60 நாள் கிடக்கும், பெறகு கிடையாது. கூகுள் டிரைவ்ல 30 நாள்தான். 2020 அக்டோபர்ல இருந்து அப்படி.

போன்ல இடம் இல்லைன்னு அறிவிப்பு வந்தா எங்க ஆளுக என்ன செய்வாங்க? பழைய படத்தை அழிப்பாங்க. ‘அதான் மேல இருக்கே’ன்னு மகன் கொடுத்த தைரியம். போடிமெட்டுல சிக்னல் இல்லாத தோட்டத்துல உட்கார்ந்து அழிச்சாலும், மலை இறங்கி சிக்னல் கிடைச்சதும் கிளவுட்ல இருந்தும் அது போயிரும்.

“அழிக்கிறப்ப எச்சரிக்கை வருதே, படிக்கக்கூடாதா?”ம்பீங்க. வருது, உண்மைதான். ஏலக்காய் பறிப்பு மும்முரத்துல, ஈரக்கையோட, கண்ணாடி போடாம தட்டுற ஆளுக்கு அந்த ஒத்த வரிதான் காவலா?

பெரிய ஆளுகளுக்கே இது நடந்திருக்கு. ஆஸ்திரேலியாவுல யூனிசூப்பர்னு ஒரு ஓய்வூதிய நிதி, ஆறு லட்சத்துக்கு மேல உறுப்பினர்கள். கூகுள் கிளவுட்ல ரெண்டு இடத்துல நகல் வச்சிருந்தாங்க. 2024 மே மாசம் ஒரு அமைப்புப் பிழையால அவங்க பிரைவேட் கிளவுட் சந்தா அழிஞ்சப்ப, ரெண்டு இடத்துலயும் சேர்ந்தே அழிஞ்சது. மீட்டெடுக்கக் கைகொடுத்தது வேற நிறுவனத்துல தனியா வச்சிருந்த நகல்.

இதெல்லாம் நமக்குத் தெரியாத புத்தியா? பத்திரப்பதிவு ஆபீஸைப் பாருங்க. உங்க வீட்டுப் பத்திரத்தைக் கரையான் அரிச்சாலும் அங்க இருக்கிற பதிவு அப்படியே நிக்கும். மனு போட்டு நகல் வாங்கலாம். 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டத்துல ஓடுற ஆபீஸுக்கு இருக்கிற புத்தி இன்னைக்குப் போனுக்கு இல்லை.

பத்திரமாவது திரும்பக் கிடைக்கும். படம் எடுத்து வச்ச ஏலச் சீட்டு, கூலிக் கணக்கு, செத்துப்போன ஆத்தாவோட முகம், இதுக்கெல்லாம் எந்த ஆபீஸ்ல மனு போடுவீங்க?

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. படம் காணாமப் போனா முதல்ல குப்பைத்தொட்டியைப் பாருங்க, அதைக் காலி பண்ணாதீங்க. டிரைவ்ல குடும்பத்துக்கு ஒரு ஃபோல்டர் பகிர்ந்தா எல்லாருக்கும் பார்க்கிற அனுமதி மட்டும் கொடுங்க. அழிக்கிற உரிமை ஒருத்தர்கிட்ட இருந்தாப் போதும். நிலத்துக் காகிதத்தைப் பிரிண்ட் எடுத்து வைங்க. மூணு மாசத்துக்கு ஒருக்கா எல்லாத்தையும் ஒரு ஹார்டு டிஸ்க்ல ஏத்தி, வயரைப் பிடுங்கி பீரோவுல வைங்க. மாட்டியே வச்சு அதையும் சிங்க்ல சேர்த்தீங்கன்னா, அது குலுக்கைக்கு மூணாவது வாசல்.