வராத விஐபிக்கு வழிவிட்டு நிற்கும் வரிசை

முன்குறிப்பு: இது ஜாவா பற்றிய பதிவு. பொட்டி தட்டாத நண்பர்களும் தைரியமாப் படிக்கலாம், கோட் ஒரு வரி கூட கிடையாது. உள்குத்தும் இல்லை. எல்லாமே வெளிக்குத்துதான் :-)

எங்க ஊர் ஓரிக்கை. காஞ்சிபுரத்தை ஒட்டி, பாலாத்துப் பக்கம். பேர் வந்த கதை காஞ்சிபுரத்துக்காரங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கணிகண்ணனை ராஜா ஊரை விட்டுப் போகச் சொல்ல, குருவான திருமழிசை ஆழ்வாரும் கூடவே கிளம்ப, பெருமாளும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கிட்டுப் பின்னாலயே வந்துட்டாராம். மூணு பேரும் ஓர் இரவு தங்கின இடம் எங்க ஊர். ஓர் இரவு இருக்கை, மருவி ஓரிக்கை. ராஜா மன்னிப்புக் கேட்டதும் திரும்பிப் போயிட்டாங்க.

ஆக, எங்க ஊர்ப் பேர்லயே ஒரு ராத்திரி 'டிலே' இருக்கு. அந்தத் தகுதியில சொல்றேன்: நம்ம சாப்ட்வேர் ஆளுங்களுக்குக் காத்திருக்கவும் தெரியலை, அடுத்தவனை ஒழுங்காக் காத்திருக்க வைக்கவும் தெரியலை.

கோபத்துக்குக் காரணம் போன வாரம் நடந்த ஒரு கோட் ரிவ்யூ. 15 நிமிஷத்துல பணம் கட்டலைன்னா ஆர்டரைக் கேன்சல் பண்ணணும். அவ்வளவுதான் ஆணி. சீனியர் ஒருத்தர் எழுதிக்கிட்டு வந்தது என்னன்னா, முடிவே இல்லாத ஒரு லூப். உள்ள ஒரு செகண்ட் ஸ்லீப். எழுந்ததும் டேட்டாபேஸ்ல பணம் கட்டாம நிக்கிற அத்தனை ஆர்டரையும் தட்டி எழுப்பி, "உனக்கு நேரம் ஆச்சா? உனக்கு ஆச்சா?"ன்னு விசாரணை. அப்புறம் மறுபடி ஒரு செகண்ட் தூக்கம், மறுபடி விசாரணை. "ஏன் சார், டிலேக்யூ போடலாமே"ன்னு கேட்டேன். "சிம்பிளா இருக்கட்டும் தம்பி, வேலை செய்யுதுல்ல?"ன்னார்.

வேலை செய்யுது. அதான் பிரச்சனையே.

பொட்டி தட்டாதவங்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். 2004-ல ஜாவா 5 வந்தப்போ, டக் லீ தலைமையில செஞ்ச ஒரு கன்கரன்சி நூலகமும் கூடவே வந்துது. அதுல ஒண்ணு இந்த டிலேக்யூ. உள்ள போடற ஒவ்வொரு பொருளுக்கும் "எனக்கு இன்னும் இவ்வளவு நேரம் பாக்கி"ன்னு சொல்லத் தெரிஞ்சிருக்கணும். யாருக்கு நேரம் முதல்ல முடியுதோ அவர் வரிசையின் தலையில நிப்பார். எடுக்க வர்ற த்ரெட், தலையில நிக்கிறவரை மட்டும் பாக்கும். நேரம் ஆயிருந்தா எடுத்துக்கிட்டுப் போகும். ஆகலைன்னா, மிச்சம் எவ்வளவோ சரியா அவ்வளவு நேரத்துக்குத் தூங்கப் போயிடும். அதுக்குள்ள இன்னும் சீக்கிரம் முடியற ஒருத்தர் புதுசா வந்து சேந்தா எழுப்பி விடுவாங்க. பத்து த்ரெட் காத்திருந்தாலும் ஒருத்தர்தான் அலாரம் வெச்சுக்கிட்டுத் தூங்குவார். மிச்ச ஒன்பது பேரும் அவரை நம்பி நிம்மதியாத் தூங்கலாம்.

இதை எங்க ஊர்ப் பக்கம் பாட்டிங்களுக்குக் கூட ஒரு நிமிஷத்துல புரிய வெச்சிடலாம். அத்தி வரதர்னு சொன்னாப் போதும். வரதராஜப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்துத் தண்ணிக்குள்ள 40 வருஷம். அப்புறம் வெளிய 48 நாள். 1939, 1979, 2019. அடுத்தது 2059. 2019-ல ஜூலை 1-ம் தேதி தரிசனம் ஆரம்பிச்சுது, ஆகஸ்ட் 17-ம் தேதி மறுபடி குளத்துக்குள்ள போயிட்டார். நீட்டிக்கணும்னு கோர்ட் வரைக்கும் போனாங்க, நீட்டிக்கலை. டிலேன்னா அது டிலே!

இந்த 40 வருஷத்துல யாராவது தினமும் காலையில குளத்தங்கரைக்குப் போய், "சாமி, நேரம் ஆச்சா?"ன்னு எட்டிப் பாத்தாங்களா? பாக்கலை. தேதி தெரியும். அவங்கவங்க வேலையைப் பாத்தாங்க, நேரம் வந்ததும் எழுந்து வந்தாங்க. நம்ம சீனியர் இருந்திருந்தா, ஒரு ஆளைச் சம்பளம் குடுத்துக் குளத்தங்கரையில உக்கார வெச்சு, செகண்டுக்கு ஒரு தடவை மூழ்கிப் பாத்துட்டு வரச் சொல்லியிருப்பார். சிம்பிளாம்!

"சரிப்பா, கம்ப்யூட்டர்தானே, கேட்டுக்கிட்டே இருந்தா என்ன குறைஞ்சு போச்சு?"ன்னு கேப்பீங்க. எங்க வீட்டுக் கதையைச் சொல்றேன்.

எங்க அப்பா பட்டு நெசவு. வீட்டுக்குள்ளயே தறி. புடவையை அறுத்துக் கொண்டு போய்க் குடுத்ததும் எல்லா நேரமும் கூலி கைக்கு வந்துடாது. "அடுத்த வாரம் பாக்கலாம்"னு ஒரு வார்த்தை. எந்தக் கிழமைன்னு சொல்ல மாட்டாங்க. அப்பா சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போவார், திரும்பி வருவார். மறுநாள் போவார், திரும்பி வருவார். போற ஒவ்வொரு தடவையும் அரை நாள் தறி ஓடாது. நாலாங்கிளாஸ் படிக்கறப்போ கேட்டேன், "ஏம்ப்பா, காசு வந்ததும் அவங்களே சொல்ல மாட்டாங்களா?" அப்பா சொன்ன பதில்: "நமக்குத்தானேடா வேணும், நாமதான் போய்க் கேக்கணும்."

இன்ஜினியரிங் படிக்கறப்போதான் இதுக்கு 'போலிங்'னு ஒரு பேர் இருக்கறது தெரிஞ்சுது. போய்ப் போய்க் கேக்கறது. அதோட செலவு முழுக்கக் கேக்கறவன் தலையில. சொல்ல வேண்டியவனுக்குச் செலவே இல்லை. அதனாலதான் சொல்ல வேண்டியவனுக்கு அது எப்பவுமே 'சிம்பிள்'. வசதி இருக்கறவனுக்குத் தேதி சொல்வாங்க. இல்லாதவனுக்கு "நாளைக்கு வா". "கரெக்டா இத்தனை மணிக்கு வா, அது வரைக்கும் உன் வேலையைப் பாரு"ன்னு சொல்றது வெறும் டெக்னிக் இல்லைங்க, மரியாதை. டிலேக்யூ அந்த மரியாதையைக் கோட்ல எழுதி வெச்சிருக்கு.

ஆனா டிலேக்யூவையும் சொதப்பறதுக்கு நம்மாளுங்க வழி கண்டுபிடிச்சிருக்காங்க. ரெண்டு விதம்.

முதல் சொதப்பல், அலகு. "பாக்கி எவ்வளவு?"ன்னு க்யூ கேக்கறப்போ எந்த அலகுல வேணும்னும் சேத்தே கேக்கும். உள்ளுக்குள்ள அது கேக்கறது நானோ செகண்ட்ல. நம்மாளு அதைக் கண்டுக்காம மில்லி செகண்டைத் தூக்கிக் குடுப்பார். 5 செகண்ட் பாக்கின்னா 5000. க்யூ அதை 5000 நானோ செகண்ட், அதாவது ஒரு செகண்ட்ல ரெண்டு லட்சத்துல ஒரு பங்குன்னு எடுத்துக்கும். தூங்கப் போன த்ரெட் கண்ணை மூடறதுக்குள்ள எழுந்து மறுபடி கேக்கும். மறுபடி, மறுபடி. சிபியு கொதிக்கும். டிலேக்யூ வேஷத்துல அதே பழைய போலிங். சூடாவது தெரிஞ்சுடறதால இது பரவாயில்லை ரகம்.

ரெண்டாவதுதான் கொடுமை. இதுல எனக்கும் பங்கு இருக்கு, அதனால ஒளிக்காமச் சொல்லிடறேன்.

முன்னாடி வேலை பாத்த கம்பெனியில (பேர் வேணாம்), விக்கறவங்களுக்குப் பணம் செட்டில் பண்ற சிஸ்டம். பொருள் போய்ச் சேந்து 7 நாள் ரிட்டர்ன் காலம் முடிஞ்சாத்தான் விக்கறவர் கையில காசு. டிலேக்யூவுக்குன்னே பொறந்த பிரச்சனை. நல்லாத்தான் ஓடிக்கிட்டிருந்துது. ஒரு நாள் மேலிடத்து உத்தரவு: "பிளாட்டினம் செல்லர்களுக்கு முன்னுரிமை குடுங்க." நண்பர் ஒருத்தர், வரிசையில யார் முன்ன யார் பின்னன்னு ஒப்பிடற இடத்துல ரெண்டே வரி சேத்தார். பிளாட்டினம்னா முன்னால, மத்தவங்க பின்னால. ரிவ்யூ பண்ணது நான். "நல்லாருக்கு"ன்னு ஓகே குடுத்ததும் நான்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் லைவ் போச்சு.

என்ன ஆச்சு? க்யூ தலையை மட்டும்தான் பாக்கும்னு மேல சொன்னேன் இல்லையா? தலையில ஒரு பிளாட்டினம் புண்ணியவான். அவருக்கு இன்னும் 3 நாள் பாக்கி. த்ரெட் பாத்துது, "ஓ, 3 நாள் ஆகுமா"ன்னு தூங்கப் போயிடுச்சு. அவருக்குப் பின்னால, 7 நாளும் முடிஞ்சு, காசு வாங்க முழுத் தகுதியோட நூத்துக்கணக்கான சாதா ஆளுங்க. யாரும் அவங்களைத் திரும்பிக் கூடப் பாக்கலை. அந்த 3 நாள் முடிஞ்சா மட்டும் விடிவு வந்துடுமா? அடுத்த பிளாட்டினம் தலைக்கு வந்துடுவார். வரிசையில கடைசி பிளாட்டினம் இருக்கற வரைக்கும் சாதாவுக்கு நேரமே வராது.

இதுல முக்கியமான விஷயம் என்னன்னா, பிளாட்டினத்துக்கும் இதனால ஒரு நிமிஷம் கூட லாபம் இல்லை! அவருக்கு நேரம் ஆகலை, காசு வராது. அவரும் வாங்கலை, பின்னால இருக்கறவனும் வாங்கலை. வராத மந்திரிக்காக ரோட்டை மறிச்சு வெச்சு, பின்னால ஆம்புலன்ஸ் வரைக்கும் நிக்குமே, அதே காட்சி.

எர்ரர் கிடையாது. சிபியு ஜில்லுன்னு இருந்துது. டேஷ்போர்டு பச்சைப் பசேல். க்யூவோட நீளம் ஏறினது கூட கண்ணை உறுத்தலை, ஏன்னா அந்த எண்ணிக்கையில நேரம் ஆனவங்க, ஆகாதவங்க எல்லாரும் சேந்தே வருவாங்க. டெஸ்ட்ல எல்லாருக்கும் டிலே பூஜ்யம் வெச்சிருந்தோம், ஜம்முனு பாஸ் ஆச்சு. செவ்வாய்க்கிழமைதான் கண்டுபிடிச்சோம். அதுவும் நாங்க கண்டுபிடிக்கலை. சப்போர்ட்ல வந்த ஒரு புகார். புடவை விக்கற சின்ன வியாபாரி. 4 நாள்ல 11 தடவை போன் பண்ணியிருந்தார். கடைசிக் குறிப்பு, "தறிக்காரருக்குக் கூலி தரணுமாம், என்றைக்கு வரும் என்று மட்டும் சொன்னால் போதும் என்கிறார்."

படிச்சதும் சைக்கிள்தான் ஞாபகம் வந்துது. எங்க அப்பாவை நடையா நடக்க வெச்ச அதே "நாளைக்கு வா"வை, நான் ஏசி ரூம்ல உக்காந்து ஓகே பண்ணி அனுப்பியிருக்கேன். அவருக்குப் பின்னால நின்ன அந்தத் தறிக்காரர் எத்தனை தடவை நடந்தாரோ, அது எந்த லாக்லயும் இல்லை.

இத்தனைக்கும் இது ஒண்ணும் ரகசியம் இல்லை. ஒப்பிடற வரிசையும் பாக்கி நேரமும் ஒத்துப் போகணும்னு ஜாவா ஆவணத்துலயே பளிச்சுன்னு இருக்கு. டிலேக்யூவுல ஆளை அளக்க ஒரே அளவுகோல், நேரம். உன் பேர், பதவி, பாஸ் எதையும் அது கேக்காது. அதுக்குள்ள அந்தஸ்தை நுழைச்சா க்யூ கொஞ்சமா வளையாது, முழுசா நின்னுடும்.

2019-ல எங்க ஊர்லயே தற்காலிக பஸ் ஸ்டாண்டு போட்டாங்க. நான் காலேஜ் முடிச்ச வருஷம். அந்த 48 நாள்ல ஒரு கோடி பேருக்கு மேல வந்ததாச் சொன்னாங்க, சராசரி நாளைக்கு ரெண்டு லட்சம். பொது வரிசை ஒரு பக்கம், விஐபி, விவிஐபி பாஸ் இன்னொரு பக்கம். ஜூலை 18-ம் தேதி கூட்டத்துல சிக்கி 4 பேர் இறந்ததாச் செய்தி வந்துது. உடனே "ஜனங்களுக்கு ஒழுக்கம் இல்லை"ன்னு நம்மாளுங்க எழுதினதையும் படிச்சேன். ஐயா, தேதி தெரிஞ்ச வரைக்கும் அதே ஜனங்க 40 வருஷம் ஒழுங்காத்தான் காத்திருந்தாங்க. எத்தனை மணிக்கு உன் முறைன்னு சொல்லாத வரிசையிலதான் நெரிசல். காத்திருக்கறவனைத் திட்டறதுக்கு முன்னாடி வரிசையை எழுதினவனைக் கேளுங்க.

வரப்போற எதிர்வாதங்களுக்கு இப்பவே பதில் சொல்லிடறேன்.

"காசு குடுக்கற கஸ்டமருக்கு முன்னுரிமை வேணாமா?" வேணும்னா குடுங்க, ஆனா நேரம் முடிஞ்ச பிறகு குடுங்க. டிலேக்யூவுல இருந்து வெளிய வந்தவங்களை மட்டும் இன்னொரு முன்னுரிமை வரிசையில போட்டு, அங்க பிளாட்டினத்தை முதல்ல கவனிங்க. சாதாவுக்கும் கொஞ்சம் இடம் ஒதுக்கி வைங்க, இல்லைன்னா அங்கயும் பட்டினிதான். நாங்க கடைசியில அப்படித்தான் சரி பண்ணோம். ரெண்டு மணி நேர வேலை.

"டிலேக்யூ மெமரியில இருக்கறது, சர்வர் ரீஸ்டார்ட் ஆனா போச்சே?" நியாயமான கேள்வி. அத்தி வரதருக்குக் குளம் இருக்கு, நம்ம க்யூவுக்கு அது இல்லை. ஆதாரக் கணக்கை டேட்டாபேஸ்ல வைங்க, சர்வர் எழுந்ததும் அதுல இருந்து க்யூவை நிரப்புங்க. பல சர்வர்னா ரெடிஸ் மாதிரி வெளிய வைங்க. ரேபிட்எம்க்யூவுல ஒவ்வொரு மெசேஜுக்கும் தனித்தனி ஆயுள் வெச்சு டிலே பண்றவங்க மட்டும் ஜாக்கிரதை. சாதாரண க்யூவுல அங்கயும் காலாவதி ஆன மெசேஜ் தலைக்கு வந்தாத்தான் வெளிய போகும். நீண்ட ஆயுள்காரர் முன்னால நின்னா அதே கதைதான்.

"லட்சக்கணக்குல டைமர் இருந்தா டிலேக்யூ தாங்காது, காப்காவே டைமிங் வீல்தானே போட்டிருக்கு?" போட்டிருக்கு. ஆனா அந்தச் சக்கரத்தை டிக் டிக்குன்னு சும்மா சுத்த விடாம, அடுத்த அறைக்கு நேரம் ஆகறப்போ மட்டும் நகத்தறதுக்கு உள்ள என்ன வெச்சிருக்காங்கன்னு பாருங்க. டிலேக்யூ!

அடுத்த தடவை ஸ்லீப் போட்டு லூப் எழுதறதுக்கு முன்னாடியோ, வரிசைக்குள்ள ஒரு விஐபியை நுழைக்கறதுக்கு முன்னாடியோ, அந்த வரிசையின் கடைசியில சைக்கிளோட ஒருத்தர் நிக்கிறார்னு நினைச்சுக்கங்க. அவருக்குத் தேவை சலுகை இல்லை. ஒரு தேதி. அந்தத் தேதியில அவர் காசு.

டிஸ்கி: சீனியர் இந்தப் பதிவைப் படிக்க மாட்டார்ங்கற தைரியத்துலதான் எழுதியிருக்கேன். படிச்சுட்டா, 2059 வரைக்கும் நானும் குளத்துக்குள்ளதான் :-)