ஓசூரில் இல்லாத டார்வின் அஞ்செட்டியில் இருக்கிறார்: பத்தாம் வகுப்பு பரிணாமப் பாடம் ஏன் முக்கியம்?

ஒரே கிருஷ்ணகிரி மாவட்டம்தான். ஓசூரில் சிபிஎஸ்இ பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கும் மாணவியின் அறிவியல் புத்தகத்தில், 2023-24 கல்வியாண்டில் வந்த பதிப்பில், பரிணாமம் கிடையாது. தேன்கனிக்கோட்டை தாண்டி, காட்டுப் பாதையில் இறங்கினால் அஞ்செட்டி. அங்கே மாநிலப் பாடத்திட்டத்தில் அதே வகுப்பு படிக்கும் மாணவிக்கு ‘உயிரின் தோற்றமும் பரிணாமமும்’ என்று ஒரு முழுப் பாடமே இருக்கு. லாமார்க், டார்வின், எச்ச உறுப்புகள், பறவைக்கும் ஊர்வனவுக்கும் நடுவில் நிற்கும் ஆர்க்கியாப்டெரிக்ஸ் எல்லாம் அதில் வரும். ‘பின்தங்கிய மலைப்பகுதி’ என்றே செய்திகளில் எழுதப்படும் ஊருக்கு, இந்த ஒரு விஷயத்தில் கை கொஞ்சம் ஓங்கியிருக்கு.

என்ன நடந்தது?

கொரோனா காலத்தில் பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று என்சிஇஆர்டி சில பகுதிகளைத் தற்காலிகமாக ஒதுக்கியது. பிறகு அதுவே நிரந்தரமானது. ‘மரபும் பரிணாமமும்’ என்று இருந்த பத்தாம் வகுப்புப் பாடம் வெறும் ‘மரபு’ ஆனது. டார்வின் பற்றிய குறிப்பு, புதைபடிவங்கள், மனிதப் பரிணாமம் எல்லாம் போச்சு. தனிம வரிசை அட்டவணைப் பாடத்துக்கும் அதே கதிதான். 2023 ஏப்ரலில் 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் இதை எதிர்த்துத் திறந்த மடல் எழுதினார்கள்.

பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் பரிணாமம் அப்படியே இருக்கு, அங்கே விரிவாகவே படிக்கலாம் என்பது அரசுத் தரப்பு பதில். தகவல் சரிதான். ஆனால் பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் எடுப்பவர்கள் எத்தனை பேர்? தொழிற்சாலைகளும் பெங்களூரு ஐடி வேலையும் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஓசூரில், கணிதம்-கணினி அறிவியல் குரூப் எடுக்கிற பிள்ளைக்குப் பத்தாம் வகுப்புதான் உயிரியலின் கடைசி ஸ்டாப். அங்கே பார்க்காததை அதுக்கப்புறம் எந்த வகுப்பிலும் பார்க்கப் போவதில்லை.

அப்போ யார் சொல்லித் தர்றாங்க?

யூடியூப், ரீல்ஸ், வாட்ஸ்அப். கொஞ்சம் ஆர்வம் உள்ளவர்களுக்கு யுவால் நோவா ஹராரியின் ‘சேப்பியன்ஸ்’, டோனி ஜோசப்பின் ‘ஆதி இந்தியர்கள்’ தமிழிலேயே கிடைக்குது. நல்ல விஷயம். ஆனால் அடிப்படைப் பாடம் இல்லாமல் நேராக இந்தப் புத்தகங்களுக்கும் தலைப்புச் செய்திகளுக்கும் போனால் ஒரு சிக்கல் வரும். எல்லா ‘ஆயிரம் ஆண்டு’களும் மண்டைக்குள் ஒரே மூட்டையில் விழுந்துவிடும்.

அதிரம்பாக்கத்தையே எடுத்துக்கலாம். திருவள்ளூர் மாவட்டத்தில் கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் உள்ள ஊர். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் முதலில் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். சில மாதங்களில் அதிரம்பாக்கமும் அகப்பட்டது. பிற்பாடு சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் பல ஆண்டுகள் அங்கே அகழாய்வு செய்தார்கள். 2018-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த அவர்களது ஆய்வு, இடைப் பழங்கற்காலக் கருவிகள் அங்கே சுமார் 3.85 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டன என்றது.

உடனே ‘3.85 லட்சம் ஆண்டுக்கு முன்பே தமிழர்’ என்று ஃபார்வர்டு கிளம்பும். இங்கே மூன்று விஷயம் விட்டுப்போகிறது. அந்த எண் கல்லின் வயது இல்லை. கருவி கிடந்த மண்ணடுக்கின் துகள்கள் கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தன என்று ஒளிர்வு முறையில் கணக்கிட்டது. முன்னே பின்னே 64 ஆயிரம் ஆண்டு பிழை எல்லையும் உண்டு. அடுத்து, கருவிகள் கிடைத்ததே தவிர, அவற்றைச் செய்தவர்களின் எலும்பு கிடைக்கவில்லை. எந்த மனித இனம் செய்தது என்று சொல்ல முடியாது. மூன்றாவதுதான் பெரிசு. நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸுக்கு இதுவரை கிடைத்த மிகப் பழைய எலும்புகள் மொராக்கோவின் ஜெபல் இர்ஹூத்தில் கிடைத்தவை. வயது சுமார் 3 லட்சம் ஆண்டுகள். அதைவிடப் பழைய கருவிக்கு மொழி அடையாளம் ஒட்டுவது, மனித இனம் பிறக்கும் முன்னாடியே ஆதார் கார்டு கொடுப்பது மாதிரி.

இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மயிலாடும்பாறை வேறு கதை. அங்கே இரும்புப் பயன்பாட்டின் காலம் கி.மு. 2172 என்று 2022 மே மாதம் சட்டப்பேரவையில் முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். ஏறத்தாழ 4,200 ஆண்டுகள். அது தொல்லியல், தொழில்நுட்ப வரலாறு. உயிரியல் பரிணாமத்தோடு சம்பந்தமில்லை. அதிரம்பாக்கக் கருவிகளில் தொடங்கி இன்று வரையிலான காலத்தை ஒரு வருடக் காலண்டராகச் சுருக்கினால், இரும்பு டிசம்பர் 28 வாக்கில்தான் வரும்.

“குரங்கு மனுஷனாகுறதை யார் பார்த்தா?”

2018 ஜனவரியில் அப்போதைய மத்திய இணையமைச்சர் சத்யபால் சிங் இதே தொனியில் பேசி, டார்வின் கோட்பாடு தவறு என்றார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் கூட்டாக மறுப்பு வெளியிட்டன. கேள்வியே தப்பு என்பதுதான் விஷயம். இன்றைய குரங்கு எதுவும் மனிதனாக மாறவில்லை. சிம்பன்சியும் நாமும் பங்காளிகள். சுமார் 60-70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பொது மூதாதையிடமிருந்து கிளை பிரிந்தவர்கள். இதைப் பத்தாம் வகுப்பிலேயே ஒரு கிளைப்படம் போட்டு விளக்கிவிடலாம். அந்தப் படம் மனசில் இருந்தால் பாதி ஃபார்வர்டு தானாக உதிர்ந்துவிடும்.

மாநிலப் பாடத்திட்டம் குறையே இல்லாதது என்று சொல்ல முடியாது. அதிரம்பாக்கமும் மனிதப் பரிணாமமும் ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலில் வருகின்றன. டார்வின் பத்தாம் வகுப்பு அறிவியலில். இரண்டையும் சேர்த்துச் சொல்ல ஆசிரியர் மெனக்கெட வேண்டும். மனப்பாடம் செய்து ஐந்து மார்க் வாங்கிவிட்டு மறப்பதும் நடக்கும்தான். ஆனால் அஞ்செட்டி மாணவி பின்னாளில் ‘சேப்பியன்ஸ்’ கையில் எடுத்தால், இயற்கைத் தேர்வு என்ற சொல் அவளுக்குப் புதுசாக இருக்காது.

புதிய கல்விக் கொள்கைப்படி என்சிஇஆர்டி வகுப்புவாரியாகப் புது புத்தகங்களைக் கொண்டுவருகிறது. பத்தாம் வகுப்புக்கான புது அறிவியல் புத்தகத்தில் பெற்றோர் முதலில் புரட்ட வேண்டியது பொருளடக்கப் பக்கத்தை. ‘மரபு’ என்ற தலைப்புக்குப் பக்கத்தில் இன்னொரு சொல் திரும்பி வந்திருக்கிறதா என்று.