மணி அடித்தது யார் வீட்டுக்கு?

இரண்டு வாரமாக அப்பா போன் பண்ணும்போதெல்லாம் ஒரே கேள்விதான். "இன்னுமாடா அந்த வேலை முடியல?"

லினக்ஸில் ஓடும் ஒரு தொழிற்சாலைக் கணினி. நாலைந்து நாளுக்கு ஒரு தடவை அதன் நெட்வொர்க் செத்துப்போகும். ரீபூட் செய்தால் சரியாகிவிடும். பழியெல்லாம் நெட்வொர்க் டிரைவர் எழுதும் குழுவின் தலையில். நானும் அவர்களைத்தான் சொன்னேன். என்னுடையது பக்கத்து ஸ்லாட்டில் இருக்கும் அளவீட்டு கார்டின் டிரைவர். அதற்கும் நெட்வொர்க்குக்கும் என்ன சம்பந்தம்?

இருந்தது. இரண்டுக்கும் ஒரே இன்டரப்ட் லைன். பழைய பிசிஐ கார்டுகளில் இது சகஜம். அப்பாவுக்கு இப்படிச் சொன்னேன்: "திருவல்லிக்கேணி ஸ்டோர் வீடு ஞாபகம் இருக்காப்பா? ஆறு குடித்தனத்துக்கும் வாசல்ல ஒரே மணி. அடிச்சா ஆறு வீடும் எட்டிப் பார்க்கணும். நம்ம ஆள்னா உள்ளே கூட்டிட்டு வரணும், இல்லேன்னா 'எங்களுக்கு இல்ல'ன்னு சொல்லணும்."

டிரைவரும் அப்படித்தான். தன் கார்டின் ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டரைப் படித்து, தனக்கில்லை என்றால் 'ஐஆர்க்யூ நன்', கவனித்துவிட்டால் 'ஐஆர்க்யூ ஹேண்டில்ட்' என்று கெர்னலிடம் சொல்ல வேண்டும். என் கார்டில் இரண்டு ரிஜிஸ்டர்கள். பிழைகள் மட்டும் இரண்டாவதில் பதிவாகும். நான் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு 'எனக்கில்லை' என்று திரும்பியிருக்கிறேன். நம்ம விருந்தாளி வாசலில் நின்று மணியை விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கிறார்! ஒரு லட்சம் தடவையில் 99,900-க்கு மேல் யாரும் ஏற்காவிட்டால், கெர்னல் 'நோபடி கேர்ட்' என்று லாகில் எழுதிவிட்டு (கெர்னல்காரர்களின் குசும்பு) லைனையே அடைத்துவிடும். மணி வயரை அறுத்த மாதிரி. அப்புறம் நெட்வொர்க் வீட்டுக்கும் மணி கேட்காது.

"எப்பவும் ஹேண்டில்ட்னே சொல்லிடேன்" என்றார் ஒரு நண்பர். கூடவே கூடாது. எச்சரிக்கை வராது, லைனும் ஓயாது, சிபியு அதிலேயே மூழ்கி மெஷினே உறைந்துவிடும். இரண்டாவது ரிஜிஸ்டரையும் படித்து, அந்த பிட்டை அழித்துவிட்டு, பிறகுதான் ஹேண்டில்ட் சொல்ல வேண்டும். திருத்தம் நாலே வரி.

லாகில் அந்த எச்சரிக்கைக்குக் கீழேயே இரண்டு ஹேண்டலர்களின் பெயரும் இருந்தது. ஒன்று என்னுடையது. இரண்டு வாரமாக நான் அதுவரை படிக்கவே இல்லை.

நெட்வொர்க் குழுவுக்கு மெயில் எழுதினேன். அதுவும் நாலு வரிதான், ஒரு மணி நேரம் ஆச்சு.

"மன்னிப்பு கேட்டியா?" என்றார் அப்பா.

"மெயில்ல கேட்டேன்பா."

"ஒரே ஆபீஸ்தானே? நேர்ல போய்க் கேளுடா."

திங்கட்கிழமை மூன்றாவது மாடிக்குப் போகிறேன்.