நைரோபிக்குத் தெரிந்தால்

எர்னஸ்ட் ஹெமிங்வே 1936-இல் வெளியிட்ட மெக்கோம்பர் கதையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கோழைமையையும் வீரத்தையும் பற்றியே பேசுகிறார்கள். அல்லது, இறுதியில் மனைவியின் துப்பாக்கியிலிருந்து புறப்பட்ட குண்டு காட்டெருமையைக் குறிவைத்ததா, கணவனைக் குறிவைத்ததா என்று வாதிடுகிறார்கள். ஒப்பிலக்கிய வகுப்புகளில் நாமும் இதையே ஆண்டுதோறும் செய்துவருகிறோம். ஆனால் அக்கதைக்குள் வேறொரு சரடும் ஓடுகிறது. பணம் வாங்கிக்கொண்டு வேட்டைக்கு அழைத்துச் செல்லும் ஒருவனின் நற்பெயர் எவ்வாறு உருவாகிறது, எவ்வாறு காப்பாற்றப்படுகிறது என்பதே அது. இதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு என்றே நினைக்கிறோம்.

கதையில் இரண்டு இடங்களைக் கவனிக்க வேண்டும். சிங்கத்தைக் கண்டு ஓடிய மெக்கோம்பர், இச்செய்தி நைரோபியின் மேட்டுக்குடி மன்றத்துக்குப் போய்விடுமோ என்று அஞ்சி, வழிகாட்டி வில்சனிடம் மறைமுகமாகக் கேட்கிறான். வில்சனுக்குச் சினம் வருகிறது. தொழில்முறை வேட்டைக்காரன் தன் வாடிக்கையாளரைப் பற்றி வெளியில் பேசுவதில்லை. பேசாதே என்று கேட்பதே நாகரிகக் குறைவு என்கிறான். இது முதல் இடம். மறுநாள் எருமைகளை மோட்டார் வண்டியில் துரத்துகிறார்கள். அது சட்டத்துக்குப் புறம்பானது. நைரோபிக்குத் தெரிந்தால் என்னவாகும் என்று மெக்கோம்பரின் மனைவி கேட்கிறாள். உரிமம் போய்விடும், பிழைப்பும் போய்விடும் என்று வில்சன் ஒப்புக்கொள்கிறான். இது இரண்டாவது.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஓர் ஏற்பாடு புலப்படும். வழிகாட்டி வாடிக்கையாளனின் இழிவை வெளியில் சொல்வதில்லை. வாடிக்கையாளன் வழிகாட்டியின் மீறலை வெளியில் சொல்வதில்லை. ஒருவர் மானத்தை மற்றவர் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். நைரோபி விடுதிகளில் வில்சனுக்கு இருந்த புகழில் எவ்வளவு பகுதி இந்த மௌனத்தால் ஆனது?

ஹெமிங்வே இதைக் கற்பனையில் மட்டும் கண்டவரல்லர். 1933-34-இல் அவர் கிழக்கு ஆப்பிரிக்காவில் வேட்டையாடியபோது வழிகாட்டியாக இருந்தவர் பிலிப் பெர்சிவல். அத்தொழிலில் அவருக்கு இணையான மதிப்புப் பெற்றவர்கள் மிகச் சிலரே. 1934-இல் நைரோபியில் தோன்றிய கிழக்கு ஆப்பிரிக்கத் தொழில்முறை வேட்டைக்காரர் சங்கத்துக்கு அவர் நெடுங்காலம் தலைவராகவும் இருந்தார். சங்கம் தோன்றிச் சில ஆண்டுகளுக்குள் இந்தக் கதை வெளிவந்தது என்பது நமக்குச் சுவையான செய்தி. அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே வேட்டைப் பயண ஏற்பாடு ஒரு வணிகமாகிவிட்டிருந்தது. 1909-இல் தியோடர் ரூஸ்வெல்ட்டின் பெரும்பயணத்துக்குக் கூடாரமும் சுமைகூலிகளும் உணவும் திரட்டிக் கொடுத்தது நைரோபியின் நியூலாந்து அண்ட் டார்ல்டன் நிறுவனம். அப்பயணத்தில் தந்தையும் மகனும் சுட்ட விலங்குகள் 512 என்று ரூஸ்வெல்ட்டே பட்டியலிட்டிருக்கிறார். ஏற்பாட்டாளருக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் வாய்க்குமா? எண்ணிக்கையே அன்று புகழாக இருந்தது. கென்யா 1977-இல் வேட்டையைத் தடைசெய்தபோது அந்தச் சங்கமும் கலைந்தது.

வேட்டை நியாயமா என்ற கேள்விக்குள் இங்கே நாம் நுழையப்போவதில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் பிறந்த இந்தியத் தலைமுறைக்குக் கேளிக்கை வேட்டை என்பதே புத்தகச் செய்திதான். நாம் துப்பாக்கி தொட்டதில்லை; தொடும் எண்ணமும் இல்லை. ஆயினும் நமீபியாவிலும் ஜிம்பாப்வேயிலும் தென்னாப்பிரிக்காவிலும் அமெரிக்காவின் மலை மாநிலங்களிலும் வேட்டை சட்டப்படி நடைபெறுகிறது. அங்கே செல்கிறவர், தாம் நம்பிப் போகும் வழிகாட்டி எப்படிப்பட்டவர் என்று முன்கூட்டி விசாரிப்பது தம் பணத்தைக் காத்துக்கொள்ளும் தந்திரம் மட்டுமன்று. அந்த விசாரிப்பின் தரத்தில் விலங்கின் சாவும், தடம் பார்ப்பவனின் கூலியும், ஒரு கிராமத்தின் வருவாயும் அடங்கியிருக்கின்றன. அந்த விசாரிப்பு பெரும்பாலும் தவறான ஆளிடமே நடக்கிறது என்பது நமது கருத்து.

வழக்கமான முறை என்ன? ஏற்பாட்டாளர் தம் பழைய வாடிக்கையாளர் சிலரின் பெயரைத் தருவார். புதியவர் அவர்களைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்பார். அவர்களும் மனமாரப் புகழ்வார்கள். நம் கவிதைத் தொகுதிகளின் முன்பக்கத்தில் வரும் அணிந்துரையை அறிந்தவர்களுக்கு இதன் இலக்கணத்தை விளக்க வேண்டியதில்லை. திட்டக்கூடியவரிடம் எவரும் அணிந்துரை கேட்பதில்லை.

பெயர் கொடுக்கப்பட்டவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நாம் சொல்லவில்லை. உண்மையாகவே மகிழ்ந்தவர்கள்கூடத் தவறான சாட்சிகளாகலாம் என்பதே சிக்கல். கொலராடோ மாநிலத்து வழிகாட்டி ஒருவருக்கு 2014 நவம்பரில் 27 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பூமா எனும் மலைச்சிங்கத்தையும் சிறு காட்டுப்பூனை வகையொன்றையும் வேட்டையாட ஆள்களை அழைத்துச் சென்றவர் அவர். வாடிக்கையாளர் வந்துசேரும் முன்பே விலங்கைப் பிடித்துக் கூண்டில் அடைத்தும், பொறியில் காலை மாட்டியும், பாதத்திலோ காலிலோ சுட்டு முடமாக்கியும் வைத்து, தப்பி ஓடாத இரையை அவர்கள் முன் நிறுத்தினார்கள் என்பது வழக்கு. இவ்வழிகாட்டியிடம் சென்றவருக்கு வெற்றி எளிதாகக் கிடைத்திருக்கும். நடந்தது இன்னதென்று அறியாத ஒருவர் அவர்களுள் இருந்திருந்தால், அவர் தூய மனத்தோடு நண்பர்களிடம் பரிந்துரைத்திருப்பார்: சொன்ன நாளில் சொன்ன விலங்கு, அலைச்சலே இல்லை! அறிந்த ஒருவர் இருந்திருந்தால் அவரும் பரிந்துரைத்திருப்பார், அல்லது வாய் திறந்திருக்கமாட்டார். இரண்டு வகையிலும் வழிகாட்டியின் புகழ் வளரும். மகிழ்ந்த வாடிக்கையாளரின் சொல் இத்தொழிலில் எவ்வளவு பெறும் என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

எனவே வெற்றியைப் பற்றிக் கேட்பதைவிடத் தோல்வியைப் பற்றிக் கேட்பது பயன்தரும். சென்ற பருவத்தில் வெறுங்கையோடு திரும்பியவர் பெயரைத் தர முடியுமா என்று ஏற்பாட்டாளரிடம் கேட்டுப் பார்க்கலாம். தயங்காமல் தருகிறவரிடம் ஏதோ நேர்மை இருக்கிறது. வெறுங்கையோடு திரும்பியும் அவரிடமே மீண்டும் போக விரும்பும் ஒருவரின் சொல், கொம்பைச் சுவரில் மாட்டியிருக்கும் பத்துப்பேரின் சொல்லைவிட எடை மிக்கது. அப்படி யாருமே இல்லை, எம்மிடம் வந்தவர் எவரும் தோற்றதில்லை என்று சொல்பவரிடமிருந்து விலகி நிற்பதே அறிவு. காட்டில் உறுதிமொழிக்கு இடமேது? சிங்கத்துக்கு உத்தரவாதம் தருகிறார் என்றால் அந்தச் சிங்கம் எங்கோ வேலிக்குள் வளர்கிறது என்று பொருள்.

தென்னாப்பிரிக்காவில் பல்லாண்டுகளாக நடந்தது அதுவே. கூட்டில் வளர்த்த சிங்கத்தை வேலியிட்ட நிலத்தில் திறந்துவிட்டுச் சுடவைக்கும் வணிகம் அங்கே பெருகியது. சங்க உறுப்பினர் என்ற முத்திரையை நம்புகிறவர்கள் அந்நாட்டுத் தொழில்முறை வேட்டைக்காரர் சங்கத்தின் கதையை அறிந்துகொள்வது நல்லது. 2015 நவம்பரில் அச்சங்கம் வளர்ப்புச் சிங்க வேட்டையிலிருந்து விலகி நிற்பதாகத் தீர்மானித்தது. 2017 நவம்பரில் தீர்மானத்தைத் திருப்பிக்கொண்டது. அதை ஏற்காத உறுப்பினர் பலர் வெளியேறி வேறு அமைப்புக் கண்டனர். சங்கத்தின் பெயர் அதேதான். அதன் சான்றுக்குப் பொருள் இரண்டே ஆண்டில் மாறிவிட்டது.

ஏட்டுச் சான்றுகள் வீண் என்பதும் நம் கருத்தன்று. அவற்றை யாரிடம் பெறுவது என்பதே வினா. மொன்டானாவிலும் வயோமிங்கிலும் ஏற்பாட்டாளர்களுக்கு உரிமம் வழங்க அரசு வாரியங்கள் உள்ளன. உரிமம் நடப்பில் உள்ளதா என்று அங்கேயே கேட்கலாம். தேசியக் காட்டு நிலத்தில் அழைத்துச் செல்வதாயின் வனத்துறையின் தனி அனுமதியும் வேண்டும். ஓரிடத்துக்கு அனுமதி பெற்றவர் வேறிடத்தில் கூடாரம் அடிப்பது பழைய தந்திரம். ஆகவே எந்த நிலம், அது யாருடையது, அங்கே இவ்வாண்டு எந்த விலங்குக்கு எத்தனை ஒதுக்கீடு என்பவற்றை எழுத்தில் வாங்கி, ஏற்பாட்டாளரை விட்டுவிட்டு நிலத்துக்கு உரியவரையே கேட்க வேண்டும். நமீபியாவில் பல இடங்களில் அவர்கள் கிராமச் சமூகத்தின் காப்பகக் குழுவினர். ஜிம்பாப்வேயின் பொதுநிலங்களில் ஊரக மாவட்டக் கவுன்சிலினர். விலங்கினால் வருகிற பணத்தில் தங்கள் பங்கு ஒழுங்காக வந்ததா என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

இந்த ஒரு கேள்வியின் எடையை உலகம் 2015-இல் கண்டது. ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே தேசியப் பூங்காவில் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் கழுத்துப்பட்டை கட்டிக் கண்காணித்துவந்த சிசில் என்ற சிங்கத்தை, பூங்காவை ஒட்டிய நிலத்தில் அமெரிக்கப் பல் மருத்துவர் ஒருவர் அம்பால் தாக்கினார். பல மணி நேரம் கழித்தே அது கொல்லப்பட்டது. கட்டணம் 50,000 டாலர் அளவில் என்று செய்திகள் கூறின. அந்த நிலத்துக்கு அவ்வாண்டு சிங்க ஒதுக்கீடே இல்லை என்று பூங்கா நிர்வாகம் சொன்னது. மருத்துவரோ, எல்லாம் முறைப்படி உள்ளதென்று வழிகாட்டிகளின் தேர்ச்சியை நம்பினேன் என்றார். அவர்மீது வழக்கில்லை என்று அக்டோபரில் அந்நாட்டு அரசு அறிவித்தது. வழிகாட்டி மீதான குற்றச்சாட்டை 2016 நவம்பரில் உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நீதிமன்றத் தீர்ப்புக்கு மேல் நாம் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. ஆனால் ‘நம்பினேன்’ என்ற சொல் நம்மை உறுத்துகிறது. 50,000 டாலர் கொடுத்து வீடோ நிலமோ வாங்குகிறவர் பத்திரத்தைப் பார்க்காமல் நம்புவாரா?

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதே மருத்துவர் 2006-இல் விஸ்கான்சினில் அனுமதிக்கப்பட்ட பகுதிக்கு ஏறத்தாழ 40 மைல் வெளியே ஒரு கரடியைக் கொன்று, அதுபற்றி அமெரிக்க அதிகாரிகளிடம் பொய் சொன்னதை 2008-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டவர். வாடிக்கையாளரின் பெயரை ஏற்பாட்டாளர்கள் விசாரிப்பதுண்டா? பணம் கொடுப்பவருக்குப் பூர்வீகம் கேட்கும் பழக்கம் எந்த வணிகத்திலும் இல்லை.

காயம்பட்ட விலங்கைப் பற்றிய கேள்வி இன்னொன்று. ஹெமிங்வேயின் கதையில் வில்சன் உண்மையில் உயர்ந்து நிற்கும் இடம் ஒன்றுதான். காயம்பட்ட சிங்கத்தை அப்படியே விட்டுவிடலாமே என்று மெக்கோம்பர் சொல்லும்போது அவன் மறுக்கிறான்: அது துன்புறுகிறது, வேறெவரேனும் அதன்முன் போய் மாட்டிக்கொள்ளலாம். ஆப்பிரிக்காவின் பல இடங்களில் இரத்தம் சிந்தினாலே முழுக் கட்டணம் என்பது நடைமுறை. தேடிக் கிடைக்காவிட்டாலும் கணக்கு முடிந்துவிடும். அதை வைத்துக்கொண்டு மறுநாள் புதிய விலங்கைத் தேடிப் புறப்படும் வழிகாட்டியும் உண்டு. இரண்டு நாள் பழைய தடத்தையே தொடர்கிறவரும் உண்டு. முன்னவரிடம் போனவர் அதிக விலங்குகளோடு திரும்பியிருப்பார், ஆகவே அதிகம் புகழ்வார்.

இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டு உடன் நடப்பவர்கள் தடம் பார்ப்போரும் துப்பாக்கி சுமப்போரும். வில்சன் தன் ஆள்களை அபராதத்துக்குப் பதிலாகச் சவுக்கால் அடிப்பதும் சட்டத்துக்குப் புறம்பே என்று கதை போகிற போக்கில் சொல்லிவிடுகிறது. அதைப் பற்றி நைரோபியில் யார் கேட்பார்கள் என்ற அச்சம் எவருக்கும் எழவில்லை. மெக்கோம்பர் இறந்தபின், விசாரணையில் துப்பாக்கி சுமந்தவர்களும் ஓட்டுநரும் சாட்சி சொல்வார்கள் என்கிறான் வில்சன். தனக்குத் தேவைப்பட்டபோது அவர்களுக்குக் கண்ணும் வாயும் இருப்பது அவனுக்கு நினைவுக்கு வருகிறது. இன்றும் ஏற்பாட்டாளர் தரும் பெயர்ப்பட்டியலில் அவர்கள் இருப்பதில்லை. ஆகவே பயணத்துக்குமுன் கேட்க வேண்டியது இது: உங்கள் தடம் பார்ப்பவர் யார், எத்தனை ஆண்டாக உங்களிடம் இருக்கிறார், பருவம் முடிந்த மாதங்களில் அவருக்குச் சம்பளம் உண்டா? பருவந்தோறும் ஆள் மாறுகிற முகாமைப் பற்றி வெள்ளைக்கார விருந்தினர் எத்தனை பேர் புகழ்ந்து எழுதியிருந்தாலும், முன்பணம் அனுப்பாமல் இருப்பது நல்லது.